கோடிட்ட இடத்தில் லியோன்

முந்நூறு பத்திரிகையும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் அமலராணி டீச்சரின் கைப்பையில், சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவே, பத்து நாளாகப் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு தடவை ரசம் வேறு கொட்டிவிட்டது. மகள் ஜெனிபரின் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.

அந்தப் பத்திரிகை தம்பி லியோனுக்கு உரியது. பெண்ணுக்குத் தாய்மாமன். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து வாசற்படி இறக்கிவிட்டால்தான் பெண் கோயிலுக்குப் புறப்படும். அது அவர்கள் வீட்டு வழக்கம். முறைப்படி முதல் பத்திரிகையே அவனுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு சொல் கிடைக்கவில்லை.

பத்திரிகையோடு இங்கிலீஷில் நாலு வரிக் கடிதம் ஒன்று வைக்க வேண்டும் என்பது அமலராணியின் எண்ணம். முதல் வரி, லியோன், நீ ஜெனிபர் கல்யாணத்துக்கு வர வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை எழுத அரை நிமிடம் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு இருபத்தேழு வருடமாக இங்கிலீஷ் எடுக்கும் டீச்சருக்குப் பத்து நாள் போதவில்லை.

வகுப்பில் அவள் இதைப் பிரமாதமாக நடத்துவாள். 'மஸ்ட்' என்றால் ஹெட்மாஸ்டர் உத்தரவு. 'ஷுட்' என்றால் பங்குச் சாமியார் புத்தி சொல்வது. 'மே' என்றால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிடுவது. 'மைட்' என்றால் நம்ம ஊர் டவுன் பஸ், வந்தாலும் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரீட்சையிலும் மறக்க மாட்டார்கள். இப்போது அதுவே வினையாகப் போயிற்று. ஆறு வருடமாக முகம் பார்க்காத தம்பிக்கு உத்தரவு போடுவதா, புத்தி சொல்வதா, கேட்டைத் திறந்துவிடுவதா? வந்தாலும் வருவாய் என்பதுதான் உண்மை நிலவரம். அதைப் பத்திரிகையில் வைத்து அனுப்ப முடியுமா?

இரண்டாவது வரி அதைவிடச் சிக்கல். உன் கடிதத்தை நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். 'ஷுட் ஹேவ்' என்றால் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொள்வது. 'குட் ஹேவ்' என்றால், முடிந்திருக்கும், ஆனால் செய்யவில்லை. 'மைட் ஹேவ்' என்றால், புரிந்தாலும் புரிந்திருக்கும், யார் கண்டது. 'மஸ்ட் ஹேவ்' போட்டால் நிச்சயம் புரிந்துதான் இருக்கும் என்றாகி, உள்ள உறவும் கெட்டுப்போகும்.

கணவர் பங்கிராஸ் கடலைக் காட்டிலிருந்து மண்வெட்டியோடு வந்தவர், குப்பைக்கூடையில் கசங்கிக் கிடந்த தாள்களைப் பார்த்தார். பேசாமல் தமிழில் எழுதேன் என்றார். அதுவும் வேண்டாமென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு கார் வைத்துக்கொண்டு அவன் இருக்கும் திருமயத்துக்கே போய்விடுவோம், ஒன்றரை மணி நேரம், முடிந்தது வேலை என்றார். அமலராணி, அவனுக்கு நான் எப்போதுமே இங்கிலீஷில்தானே எழுதுவது என்று ஏதோ சொல்லி மழுப்பினாள்.

உண்மை வேறு. தமிழில் எழுதினால் 'என்னை மன்னிச்சிரு' என்று எழுத வேண்டிவரும். இங்கிலீஷில் ஒரு 'குட்'டுக்கும் 'ஷுட்'டுக்கும் பின்னால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம்.

லியோன் அவளைவிட எட்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. குளிப்பாட்டியது, தலை வாரியது, பாடம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அமலராணிதான். பையன் படிப்பில் மந்தம். சொன்ன பேச்சு கேட்பதில் மட்டும் முதல் ரேங்க். ஒரு தடவை, 'பியூட்டிஃபுல்' எழுத்துக்கூட்டிச் சொல்லும்வரை வாசலுக்கு வெளியே நில் என்று சொல்லிவிட்டு, அவள் மறந்துபோய்த் தேர் பார்க்கப் போய்விட்டாள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய வந்து பார்த்தால் சொட்டச் சொட்ட அங்கேயே நிற்கிறான். உள்ளே வந்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "நீ கூப்பிடலியே அக்கா" என்றான். மூன்று நாள் காய்ச்சல். இன்றைக்கும் அதை நினைத்தால் அமலராணிக்குச் சோறு இறங்காது.

அப்படிப்பட்டவன் வெல்டராகக் குவைத்துக்குப் போனபோது, அக்கா ஒரு சட்டம் போட்டாள். மாதம் ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். இங்கிலீஷ் வந்தால் சூப்பர்வைசர் ஆகலாம். அவனும் அனுப்பினான். அவள் அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, சிவப்பு மையில் திருத்தி, மார்க் போட்டு, திருப்பிப் போட்டோ எடுத்து அனுப்புவாள். ஐந்து வருடம் இப்படி நடந்தது. அக்கா தம்பி பாசத்துக்குப் பத்துக்கு ஆறுக்குக் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

கடைசிக் கடிதம் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வந்து சேர்ந்தது. மேசையில் அறுபத்திரண்டு விடைத்தாள் இருந்தது. அதுவும் அதற்குள் சேர்ந்துகொண்டது. அமலராணி ஒரே மூச்சில் திருத்தினாள். ஒரு 'குட்'டை வட்டம் போட்டு 'கேன்' ஆக்கினாள். ஒரு 'கேன் ஐ'யை அடித்து 'மே ஐ' எழுதினாள். பத்துக்கு நாலு. அடியில் 'ரீரைட்' என்று வழக்கமான வார்த்தை, கையெழுத்து, தேதி. படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து மார்க் பதியும்போது ஒரு தாள் கூடுதலாக நின்றது. அப்போதுதான் அதை வாசித்தாள். திருத்துவது வேறு, வாசிப்பது வேறு என்று ஒரு டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா, என்னோடு அறையில் இருந்த பையன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான், எனக்குத் தூக்கம் வருவதில்லை, இங்கே என்னால் இருக்க முடியவில்லை, நான் வீட்டுக்கு வரலாமா என்று எழுதியிருந்தான்.

வரலாமா என்று கேட்டவனுக்கு அவள் அனுப்பிய பதில் பத்துக்கு நாலு.

உடனே போன் போட்டாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. இரண்டு மாதம் போய்க் காதில் விழுந்தது, லியோன் குவைத்தை விட்டு வந்துவிட்டான், பெண்டாட்டி ஊரான திருமயத்தில் வெல்டிங் பட்டறை போட்டிருக்கிறான் என்று. அக்காவைப் பார்க்க வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த முகத்தோடு வருவான்? அவள் போயிருக்கலாம். போகவில்லை. முதல் மாதம் வெட்கம், முதல் வருடம் பயம், அப்புறம் போகாமல் இருப்பதே பழகிவிட்டது. அந்தத் தாளை டிக்ஷனரிக்குள் மடித்து வைத்திருந்தாள். பங்கிராஸுக்குக்கூட இது தெரியாது. ஜெனிபர் மட்டும் ஒரு தடவை, "மாமா வராட்டி நான் யார் கையப் பிடிச்சும்மா எறங்குறது?" என்று கேட்டாள். அமலராணி பால் பொங்குகிறது என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜெனிபர் அப்புறம் கேட்கவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். பதினோராம் நாள் அமலராணி பொறுக்க மாட்டாமல் கணக்கு டீச்சர் பிரகதாம்பாளிடம் கேட்டாள். ஒரு பிள்ளைக்குச் சந்தேகம் என்றுதான் ஆரம்பித்தாள். கணக்கில் இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது, சமம் என்றால் சமம்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்ட பிரகதாம்பாள், ஒங்க இங்கிலீஷ் டீச்சர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அஞ்சு நிமிடத்தில் விடை வந்துவிடுமே என்று நல்லது சொல்வதாக நினைத்துச் சொன்னாள்.

அமலராணி இரண்டு வரியையும் கோடிட்ட இடம் விட்டுப் போட்டாள். அவசரத்தில் பேரை மாற்றவில்லை. லியோன், நீ ஜெனிபர் கல்யாணத்துக்கு டேஷ் வர. உன் கடிதத்தை நான் டேஷ் புரிந்துகொண்டிருக்க. சரியான சொல் எது?

மாவட்டம் முழுக்க நூற்று நாற்பது பேர் உள்ள குழு அது. கடைசி மணி அடிப்பதற்குள் தொண்ணூற்று மூன்று செய்தி வந்துவிட்டது. அன்னவாசல் செம்மல் சார் 'மைட்'தான் ஆகப் பணிவானது என்றார். இன்னொருவர் 'ஷுட்' என்று நாலு நிமிடக் குரல் பதிவு போட்டார். நடுவில் ஒருவர் மத்தியானம் மூன்று மணிக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் சொன்னார். மற்றொருவர் நாளைக்கு உள்ளூர் விடுமுறையா என்று விசாரித்தார். யாரோ ஒரு புண்ணியவதி மட்டும், அந்த லியோன் யார், எதற்குக் கோபித்துக்கொண்டான், அது தெரிந்தால்தான் சொல்ல முடியும் என்று கேட்டிருந்தாள்.

அமலராணி அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு, அது சும்மா ஓர் உதாரணத்துக்குப் போட்ட பெயர் என்று பதில் எழுதினாள். கூடப் பிறந்தவனைச் சும்மா ஓர் உதாரணம் என்று எழுதிய கை அன்று முழுக்க எதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. ஒரு தம்ளரும் உடைந்தது.

கடைசியில் செம்மல் சார் சொன்னபடி 'மைட்' போட்டு எழுதி, பத்திரிகையோடு உறையில் வைத்து, தபால்தலை ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் போட்டாள். பத்தடி நடந்ததும் எதிரே டவுன் பஸ் அவளை ஏற்றாமல் போயிற்று. திக்கென்றது. வந்தாலும் வா, வராவிட்டாலும் போ என்றல்லவா எழுதிப் போட்டிருக்கிறோம்!

மறுநாள் காலையிலேயே பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் காவல் நின்றாள். தபால் எடுக்க வந்தவர் பழனிச்சாமி, அவளிடம் படித்து இங்கிலீஷில் மூன்று தடவை பெயிலானவர். மரியாதையாகக் கும்பிட்டார், ஆனால் கடிதத்தைத் தர மாட்டேன் என்றுவிட்டார்.

"பொட்டிக்குள்ள விழுந்துட்டா அது எங்க பொறுப்புங்க டீச்சர். இங்கிலீஷ்ல ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க, ஆபீஸ்ல கேட்டு வாங்கித் தாரேன்."

டீச்சர் சைக்கிள் கேரியரில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தாள். 'கேன் ஐ' என்று எழுதி அடித்தாள். 'குட் ஐ' என்று எழுதி அடித்தாள். பழனிச்சாமி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "மே ஐ போடுங்க டீச்சர். அனுமதி கேக்குறப்ப மே ஐ தான்னு நீங்கதான அடிச்சு அடிச்சுச் சொல்லிக் குடுத்தீங்க" என்றார். அன்றைக்குத் தெரியாமல் பெயிலானவருக்கு இன்றைக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அமலராணி 'மே ஐ' போட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. பத்திரிகைமேல் இப்போது ரசக் கறையோடு தபால் முத்திரையின் மையும் படிந்திருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அடுத்த நாள் பத்தாம் வகுப்புக்குப் பயிற்சித் தேர்வு. இங்கிலீஷ் ஆசிரியர்கள் சிலர் தாங்களாகச் சேர்ந்து வினாத்தாள் தயாரித்துப் பல பள்ளிகளுக்கும் அனுப்புவது வழக்கம். அமலராணிதான் அறை மேற்பார்வை. உறையைக் கிழித்துத் தாள்களைக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய ஒன்றைப் புரட்டினாள். பதினாலாவது கேள்வி. கோடிட்ட இடத்தை நிரப்புக, அடைப்புக்குள் நாலு சொல். லியோன், நீ ஜெனிபர் கல்யாணத்துக்கு டேஷ் வர. அடுத்த வரியும் அப்படியே இருந்தது. இரண்டு மார்க்.

அமலராணி அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். மணி அடித்ததும் வராந்தாவுக்கு வந்து, வினாத்தாள் பொறுப்பில் இருந்த செம்மல் சாருக்குப் போன் போட்டாள். அவர் பாராட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒங்க வாக்கியம் உயிரோட்டமா இருந்துச்சுங்க மேடம். அதான் பேரைக்கூட மாத்தல."

எத்தனை பள்ளிக்கூடம் என்று கேட்டாள். முப்பத்தொன்று. திருமயத்துக்கும் போயிற்றா என்று கேட்டாள்.

"அங்கிட்டுத்தாங்க மொதக் கட்டே போச்சு."

லியோனின் மகள் திருமயத்தில் இந்த வருடம் பத்தாவது. அதை யாரும் அமலராணிக்குச் சொல்லவில்லை. பிள்ளை எந்த வகுப்பு, என்ன வயது என்று அவளே வருடா வருடம் மனதில் எண்ணிக்கொண்டு வந்தாள். இப்போது அந்தப் பிள்ளை வினாத்தாளைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டும். அன்றைக்கு என் துக்கத்துக்கு மார்க் போட்டாள், இன்றைக்கு என்னையே கேள்வியாக்கி ஊர் ஊராக அனுப்பிவிட்டாள் என்று லியோன் நினைப்பான். நினைக்க மாட்டானா? யாராக இருந்தாலும் நினைப்பார்கள்.

விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் அது இன்னும் மோசம். நாற்பத்து மூன்று பிள்ளைகள் லியோனுக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஒருத்தன் 'மஸ்ட்' என்று அதட்டியிருந்தான். இன்னொருத்தன் 'கேனாட்' போட்டு வரவே முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தான். கடைசி பெஞ்ச் பிள்ளை ஒருத்தி, கொடுத்த நாலு சொல்லையும் விட்டுவிட்டு, 'வில்' என்று எழுதியிருந்தாள். லியோன், நீ வருவாய். தப்பான விடைதான். அமலராணி இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகத் தெரிந்தே ஒரு தப்புக்கு முழு மார்க் போட்டாள். போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

கல்யாணம் புதன்கிழமை. முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அமலராணி டிக்ஷனரியிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பங்கிராஸிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் தாளைப் படித்துவிட்டு அதே மடிப்பில் மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நாளைக் காலையில் தட்டு எடுத்துக்கொண்டு போவோம், கடிதமும் வேண்டாம் காகிதமும் வேண்டாம், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்றாள் அமலராணி. பங்கிராஸ் கார் சொல்லப் பின்பக்கமாகக் கிளம்பினார். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் ஜாஸ்பின் வந்தாள். லியோனின் மனைவி. தலையில் முந்தானை, கையில் கனமான துணிப்பை. அமலராணி வாங்க என்று சொல்வதை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினாள். ஜாஸ்பினும் சிரித்த முகமாக இல்லை. தண்ணீர் கொடுத்ததை வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை. பையிலிருந்து நாலாக மடித்த வினாத்தாளை எடுத்து மேசையில் போட்டாள்.

"பாப்பா கொண்டாந்துச்சு. ஜெனிபருக்குக் கல்யாணம்னே எங்களுக்கு இதுலதான் தெரியும்" என்றாள்.

அமலராணி தலையைக் குனிந்துகொண்டாள். ஜாஸ்பின் பைக்குள் மறுபடி கைவிட்டு ஒவ்வொன்றாக நோட்டுகளை எடுத்து அடுக்கினாள். அட்டை கிழிந்ததும், பட்டறைக் கரி படிந்ததுமாகப் பதினோரு நோட்டுகள். அமலராணி மேலாக இருந்ததைப் பிரித்தாள். லியோனின் கையெழுத்து. அக்கா, என்னோடு அறையில் இருந்த பையன். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதிலும் அக்கா, என்னோடு அறையில் இருந்த பையன். ஒரு நோட்டு முழுக்க அதே கடிதம். அடுத்த நோட்டிலும் அதே கடிதம்தான். ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் நான் வீட்டுக்கு வரலாமா என்ற அதே கேள்வி. சில இடத்தில் 'கேன்', சில இடத்தில் 'குட்', சில இடத்தில் 'மே', அடித்தும் திருத்தியும்.

மறக்கவே கூடாது என்று எழுதி எழுதி வைத்திருக்கிறான் என்று அமலராணி நினைத்தாள். நோட்டை மூடி வைத்தாள். அதற்குமேல் ஒளிந்துகொள்ள இங்கிலீஷ் இல்லை. தமிழிலேயே சொன்னாள்.

"என்னை மன்னிச்சிரச் சொல்லும்மா. நாந்தான் தப்பு. அவன் அழுதுகிட்டு எழுதுனத நான் வாசிக்காமலே திருத்தி அனுப்பிட்டேன். அந்த நாலு மார்க்குக்கு ஆறு வருசம் அவன் கோவப்பட்டது நியாயந்தான்."

ஜாஸ்பின் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோவமா? நீங்கதான அண்ணி அடியில ரீரைட்டுன்னு போட்டு அனுப்புனீங்க, வரலாமான்னு கேட்டத நீங்க சொன்னபடி தப்பில்லாம எழுதிட்டுத்தான் அக்கா வாசல மிதிக்கணும்னு இத்தனை வருசமா எழுதிக்கிட்டே இருக்காரு. இப்பவும் அந்தா, மழையில கேட்டுக்கு வெளியதான் நிக்கிறாரு, நீங்க இன்னும் கூப்பிடலையாம்."